நீர்மேல் நின்ற அரண்மனை

1938-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து தேசத்து லீத் நகரில் கட்டப்பெற்று, சிட்னித் துறைமுகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் ஜனங்களை ஏற்றி இறக்கி, ஓய்வு பெற்ற பின்னர் விருந்து மண்டபமாக மாறிய சௌத் ஸ்டெய்ன் என்னும் நீராவிக் கப்பலின் கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அது கப்பலாகப் பிறந்து மண்டபமானது. மண்டபமாகவே பிறந்து, பாயும் இன்றிச் செலுத்தும் இயந்திரமும் இன்றி ஏறத்தாழ நாற்பத்தாறு ஆண்டுகள் ஒரே துறையில் நங்கூரமிட்டு நின்று, பிறகு ஆழ்கடலுக்குப் புறப்பட்ட ஒரே பிரயாணத்திலேயே கவிழ்ந்துபோன மற்றொரு கலத்தின் சரித்திரத்தை இந்த வாரம் சொல்லப் புகுகிறேன். ஹாங்காங் தீவின் தென்கரையிலே, அபர்டீன் துறையிலே நின்ற ஜம்போ என்னும் மிதக்கும் உணவகமே அது.

துறையின் பெயரிலிருந்தே தொடங்குவது பொருத்தம். அபர்டீன் என்பது, 1842-ஆம் வருஷத்து நான்கிங் உடன்படிக்கையால் ஹாங்காங் தீவு ஆங்கிலேயர் வசமான காலத்தில் பிரிட்டனின் வெளிநாட்டு மந்திரியாயிருந்த பிரபுவின் பெயர். அவ்வூரார் வழங்கும் பெயரோ ‘சிறிய ஹாங்காங்’ என்பதாகும். ஹாங்காங் என்னும் சொல்லுக்கு நறுமணத் துறைமுகம் என்று பொருள். சீனத்தின் தென்பகுதியில் விளைந்த வாசனை மரத்தை இந்தத் துறையிலிருந்து கப்பலேற்றி அனுப்பியதனால் அப்பெயர் வந்தது என்பது பெரும்பாலோர் கூறும் காரணம். அந்த வாசனை மரம் வேறெதுவும் அன்று. நம் புலவர்கள் மகளிர் கூந்தலுக்குப் புகையூட்டிப் பாடிய அகிலின் இனமே. மேல்நாட்டுத் தாவர நூலார் அதற்கு இட்ட அக்விலாரியா என்னும் பெயர்கூட, நம் மேலைக் கரைக்கு வந்த போர்த்துகீசியர் கேட்டுச் சென்ற அகில் என்னும் சொல், கழுகைக் குறிக்கும் லத்தீன் சொல்லோடு மயங்கியதால் உண்டானது என்பர். ஆகவே இந்தக் கதையின் வாயிற்படியிலேயே நமக்குப் பழக்கமான ஒரு மணம் வீசுகிறது.

அந்தத் துறையின் பூர்வ குடிகள் கரையில் வாழ்ந்தவர்கள் அல்லர். படகிலே பிறந்து, படகிலே மணம் முடித்து, படகிலே மூத்து மறைந்த செம்படவக் குலத்தார் அவர்கள். கரையில் வாழ்ந்தோர் அவர்களை இழித்து வழங்கிய பெயர் ஒன்றுண்டு. அவர்கள் தம்மைச் சொல்லிக்கொண்டது ‘நீர்மேல் மக்கள்’ என்று. அவர்கள் உவந்த பெயரையே நானும் வழங்குவேன். கரையில் வீடு கட்டிக்கொள்ளவும், அரசாங்கப் பரீட்சைகளில் அமரவும், நிலத்தில் வாழ்வோரோடு கொள்வினை கொடுப்பினை செய்யவும் நெடுங்காலம் அவர்களுக்கு உரிமை இல்லாதிருந்தது. யோங்செங் சக்கரவர்த்தி 1729-ஆம் ஆண்டில் பிறப்பித்த சாசனம் அவர்களும் கரையேறி வாழலாம் என்று அனுமதித்தது; ஆயினும் சாசனம் தந்த உரிமையை ஜனங்களின் மனம் தருவதற்கு வெகுகாலம் பிடித்தது. 1961-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்போதுகூட ஹாங்காங் நீர்ப்பரப்புகளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் படகுகளிலேயே குடியிருந்தார்கள் என்றால், அந்த வாழ்க்கையின் வேர் எவ்வளவு ஆழமானது என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

படகிலே குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு எல்லாம் ஒருவாறு அமைந்துவிடும்; கலியாணம் ஒன்றுதான் சங்கடம். பாட்டன் முதல் பேரன் வரை கால் மடக்கிப் படுக்கும் இடத்தில் நூறு பேருக்கு இலை போடுவது எங்ஙனம்? இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரமாகத் தோன்றியவையே ‘பாட்டு மண்டபப் படகுகள்’ எனப்பட்ட கலங்கள். தட்டையான அடியும் அகன்ற தளமும் உடையவை அவை. அவற்றுக்குப் பாய் இல்லை. சிவப்பும் பொன்னுமாக அலங்கரித்து வாடகைக்கு விடுவார்கள். கலியாண வீட்டார் தங்கள் படகுகளை அதன் இருபுறமும் அணைத்துக் கட்டிவிட்டு, விருந்தும் பாட்டுமாக வைபவம் நடத்துவார்கள். ‘உப்புநீர்ப் பாட்டு’ என்று அவர்கள் வழங்கும் நாட்டுப் பாடல்களைப் பெண்கள் மாறிமாறிப் பாடுவதும் உண்டு. முகூர்த்தம் இல்லாத நாட்களில் படகு வெறுமனே கிடப்பானேன் என்று எண்ணி, நகரத்திலிருந்து புதிய மீன் தேடி வரும் கரைவாசிகளுக்கு அதிலேயே சமைத்துப் போடத் தொடங்கினார்கள். மிதக்கும் உணவகங்களின் உற்பத்தி இதுவே. கம்பெனிகளும் மூலதனமும் பின்னால் வந்தவை. முதலில் வந்தது ஓர் ஏழைக் குலத்தின் கலியாணப் பந்தல்.

அந்த விருந்தின் முறையைச் சற்றே நெருங்கிப் பார்ப்போம். கரையிலிருந்து சம்பானில் ஏறி வரவேண்டும். சம்பான் என்றால் மூன்று பலகை என்று பொருள், துடுப்புப் பிடிப்பவள் பெரும்பாலும் ஒரு பெண்மணி. விருந்துப் படகின் ஓரத்தில் கூடைகளும் தொட்டிகளும் நீரில் அமிழ்ந்திருக்கும். அவற்றுள்ளே உயிரோடு மீன்கள் திரியும். வந்தவர் விரலால் சுட்டிக்காட்ட, பரிசாரகன் நீண்ட காம்புடைய வலையை இறக்கி அந்த மீனையே அள்ளி எடுப்பான். வால் அடித்துத் துள்ளுவது அடங்குமுன் நிறுத்து உள்ளே கொண்டுபோவான். சிறிது நேரத்தில் அதே மீன், தலையும் வாலும் குறையாமல் ஆவியில் வெந்து, மேலே இஞ்சித் துருவலும் வெங்காயத்தாளும் தூவப்பெற்று, சுடவைத்த எண்ணெய் ஊற்றிய ஓசை தணியாமல் மேஜைக்கு வரும். மேற்புறத்துச் சதையை உண்டு தீர்த்த பின் மீனைப் புரட்டிவிட்டு மறுபக்கத்தை உண்பதுதானே நம் வழக்கம்? அங்கே அப்படிச் செய்தல் ஆகாது. நடு முள்ளை மெல்லத் தூக்கி விலக்கி, அடிப்புறத்துச் சதையை அப்படியே எடுத்து உண்ணவேண்டும். தட்டில் மீனைக் கவிழ்த்தால் கடலில் எவருடைய படகோ கவிழும் என்பது அம்மக்களின் நம்பிக்கை. உண்ணும் கவளத்தில்கூட, இரவில் கடலில் இருக்கும் ஒருவனை நினைத்துக்கொள்ளச் சொல்லும் இந்தச் சம்பிரதாயத்தைக் காட்டிலும் உயர்ந்த பந்தி ஒழுக்கத்தை நான் அறிந்ததில்லை.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் ஹாங்காங்கில் பணமும் ஜனமும் பெருகவே, பாட்டு மண்டபப் படகுகள் வளர்ந்து பெரிய உணவகங்களாயின. அவற்றுள் 1952-இல் எழுந்த தாய்பாக் என்பது மிகவும் பிரசித்தி பெற்றது. தாங் வம்சத்துக் காலத்தில் வாழ்ந்த மகாகவி லீ பாயின் மறுபெயரே தாய்பாக். மதுவையும் நிலவையும் பாடிய அந்தக் கவி, ஓரிரவு படகிலிருந்தபடியே நீரில் தெரிந்த சந்திர பிம்பத்தைத் தழுவக் குனிந்து முழுகிப்போனார் என்று ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. நீர்மேல் விருந்து நடத்தும் ஒரு கலத்துக்கு இதனினும் இசைந்த பெயரைத் தேடிப் பிடித்திருக்க முடியாது.

தாய்பாக்கினும் பெரிதாக, உலகமே வியக்கும் வண்ணம் ஒன்றைக் கட்டவேண்டும் என்ற ஆசையில் எழுந்ததே ஜம்போ. சீன மொழியில் அதன் பெயருக்கு மதிப்பரிய பொக்கிஷம் என்று பொருள். ஓசை ஒத்திருந்தமையால் ஆங்கிலத்தில் பேருருவத்தைக் குறிக்கும் ஜம்போ என்னும் சொல் அதற்கு அமைந்தது. பணி முடியும் தறுவாயில், திறப்பு விழாவுக்குச் சில நாட்களே இருந்தபோது, 1971-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி அதில் தீப்பற்றிக்கொண்டது. 34 பேர் மாண்டார்கள். 42 பேர் காயமுற்றார்கள். ஒரு விருந்தாளியேனும் கால் வைக்காத மண்டபம் முப்பத்துநான்கு பேருக்குச் சிதையாயிற்று. பிற்காலத்தில் ஜம்போவின் தீபாலங்காரத்தை வருணித்தோர் பலர். இந்தத் தீயை நினைத்தவர்கள் சிலரே. எனவே இங்கே அதைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுவருஷம் அந்த முயற்சியை விலைக்கு வாங்கியவர்கள் இருவர்: மக்காவ் நகரத்துச் சூதாட்ட விடுதிகளின் ஏகபோக உரிமையால் பெரும் ஐசுவரியம் அடைந்த ஸ்டான்லி ஹோவும், நகை வியாபாரத்தில் புகழ் ஈட்டிய செங் யூ துங்கும். நான்கு ஆண்டுகள் உழைத்து, மூன்று கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் செலவிட்டு அவர்கள் எழுப்பிய புதிய ஜம்போ 1976 அக்டோபரில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 80 மீட்டர் நீளம், மூன்று அடுக்கு, ஏக காலத்தில் 2,300 பேர் அமர்ந்து உண்ணும் வசதி. பழைய சீன அரண்மனையின் சாயலில் வளைந்த கூரைகளும், தூண்களைச் சுற்றிய நாகங்களும், சக்கரவர்த்தியின் ஆசனத்தைப் போன்ற பொன்மயமான சிங்காதனம் ஒன்றும் அமைத்திருந்தார்கள். அரச உடை தரித்து அச்சிங்காதனத்தில் அமர்ந்து படம் எடுத்துக்கொள்ளாத உல்லாசப் பிரயாணிகள் அரியர். இரவில் ஆயிரக்கணக்கான விளக்குகள் ஏற்றியதும், அந்தக் கலம் முழுவதும் நீருக்கு மேலே ஒன்றும் நீருக்குள்ளே ஒன்றுமாக இரண்டு அரண்மனைகளாய்த் தோன்றும். எலிசபெத் மகாராணியும், அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த ஜிம்மி கார்ட்டரும், நடிகர் டாம் குரூஸும் அங்கே விருந்துண்டவர்கள். சினிமாப் படங்கள் பலவற்றிலும் அது இடம்பெற்றது. கொள்ளைநோய் ஒன்று உலகெங்கும் பரவுவதைச் சித்திரித்து 2011-இல் வெளிவந்த ‘கண்டேஜியன்’ அவற்றுள் ஒன்று.

ஜம்போவின் அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லாமலிருக்க இயலாது. அந்த அரண்மனை ஓங்க ஓங்க, அதைச் சுற்றியிருந்த படகு வாழ்க்கை தேய்ந்துகொண்டே வந்தது. நீர்மேல் மக்களுக்கு அரசாங்கம் கரையில் அடுக்கு வீடுகள் கட்டித் தந்தது. அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் தொழிற்சாலைக்கும் போனார்கள். அது நன்மையே; குழந்தை கடலில் விழாதிருக்க அதன் இடுப்பில் கயிறு கட்டி வளர்த்த தாய்மாருக்கு அந்த நன்மையின் அளவு தெரியும். ஆனால் மீன் கொண்டுவந்தவர்களும், கலியாணத்துக்கு வந்தவர்களும், பாட்டுப் பாடியவர்களும் கரையேறிவிட்ட பிறகு, விருந்துக் கலம் மட்டும் நீரில் தனித்து நின்றது. பிரயாணிகள் வரும்வரையில் அது வாழும். அவர்கள் வராவிட்டால் அதைத் தாங்க உறவினர் எவரும் இல்லை என்ற நிலை உண்டாயிற்று.

அந்த நாளும் வந்தது. 2013 முதலே வருமானம் செலவுக்குப் போதாமல் நஷ்டம் ஏறி, மொத்தம் பத்துக் கோடி ஹாங்காங் டாலரைத் தாண்டிற்று. கொரோனாத் தொற்று பரவவே 2020 மார்ச் 3-ஆம் தேதி கதவுகள் மூடப்பட்டன. அதே ஆண்டு மே மாதத்தில் ஸ்டான்லி ஹோவும் காலமானார். பத்துக்கு மேற்பட்ட ஸ்தாபனங்களுக்கு இனாமாகவே தர உடையவர்கள் முன்வந்தும், பராமரிப்புச் செலவுக்கு அஞ்சி எவரும் ஏற்கவில்லை. ஓஷன் பார்க் என்னும் பூங்காவிடம் அதை ஒப்படைக்கும் திட்டம் ஒன்றை அரசாங்கம் அறிவித்தும் அது கைகூடவில்லை. கோடிக்கணக்கான டாலர் புரளும் அந்த நகரத்தில், தன் கடற்கரைச் சரித்திரத்தின் ஒரு சின்னத்தைத் தாங்கக் கை நீட்டுவார் இல்லாது போனது பெரும் குறை என்பதே என் அபிப்பிராயம்.

ஏற்பார் இல்லாத கலத்தைத் துறையைவிட்டு அப்புறப்படுத்துவது என்று முடிவாயிற்று. புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னதாக, ஜம்போவை ஒட்டிக் கட்டப்பட்டிருந்த சமையல் தெப்பம் நீர் புகுந்து சாய்ந்தது. 2022 ஜூன் 14-ஆம் தேதி, இழுவைப் படகுகள் வடம் பூட்டி அந்த அரண்மனையைத் துறையைவிட்டு வெளியே கொண்டுசென்றன. கரையில் கூடி நின்ற ஜனங்கள் கையசைத்து வழியனுப்பினார்கள். தாய்பாக் உடன் செல்லவில்லை. ஜூன் 18-ஆம் தேதி, பாரசெல் தீவுகளின் அருகே கடல் சீற, கலத்துக்குள் நீர் ஏறிற்று, அது ஒருபுறமாகச் சாயத் தொடங்கியது, மறுநாள் கவிழ்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அவ்விடத்தின் ஆழம் 1,000 மீட்டருக்கு மேல் என்றும் மீட்பது அரிது என்றும் அதை உடைய கம்பெனியார் முதலில் அறிவித்தார்கள். சில நாட்களில், தாங்கள் சொன்னது கவிழ்ந்தது என்பதேயன்றி மூழ்கிற்று என்பதன்று என விளக்கம் தந்தார்கள். இத்தனை ஆண்டுகள் எத்தனை லட்சம் தட்டுகளில் மீனைக் கவிழ்க்காமல் உண்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தபோது, ‘கவிழ்ந்தது’ என்ற அந்த ஒரு சொல்லைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் மேலே படிக்க முடியாமல் இருந்தேன்.

அபர்டீன் பக்கம் செல்லும் வாசகர்கள் எவரேனும் இருப்பின், அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அங்கே கரையோரத்தில் இன்றும் மூதாட்டிகள் சிலர் கூலிக்குச் சம்பான் ஓட்டுகிறார்கள். படகில் பிறந்த தலைமுறையின் கடைசி மனிதர்கள் அவர்கள். அவர்களுடைய படகில் ஏறித் துறையை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ஜம்போ நின்ற இடம் எது என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாமல், அவர்களுடைய கலியாணம் எந்தப் படகில் நடந்தது என்றும் கேளுங்கள்.

(தொடரும்)