கும்மர்ஸ்பாக்: ஒரு சிற்றூரும் அதன் ஹேண்ட்பாலும்

ஜெர்மனியில் கொலோன் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டரில், குன்றுகளுக்கு நடுவே கும்மர்ஸ்பாக் என்று ஓர் ஊர். மக்கள்தொகை 50,000 சொச்சம். நம் காஞ்சிபுரம் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். அந்த ஊரின் வி.எஃப்.எல். கிளப் ஹேண்ட்பாலில் ஐந்து முறை ஐரோப்பிய சாம்பியன் கோப்பையை வென்றது: 1967, 1970, 1971, 1974, 1983. ஜெர்மன் சாம்பியன் பட்டம் 12 முறை. கீல் நகரத்துக் கிளப் பின்னாளில் அதைவிடக் கூடுதலாகப் பட்டங்கள் குவித்தது. ஆனால் கீல் ஒரு மாநிலத்தின் தலைநகரம், துறைமுகம். என் மனம் நிற்பது கும்மர்ஸ்பாக்கில்தான். காஞ்சிபுரம் பக்கம் காவாந்தண்டலம் என்ற சிற்றூரில் பிறந்து, பையன்களுக்கு ஹேண்ட்பால் சொல்லிக்கொடுத்தே வேலைக்காலத்தைக் கழித்த உடற்கல்வி ஆசிரியனுக்கு அது இயல்புதானே.

ஹேண்ட்பால் முதலில் இன்று நாம் ஆடும் ஆட்டமாக இல்லை. 1917இல் பெர்லினில் மாக்ஸ் ஹைசர் பெண்களுக்காக விதி எழுதினார். இரண்டு ஆண்டு கழித்து கார்ல் ஷெலென்ஸ் அதை ஆண்களுக்கும் ஏற்றபடி திருத்தினார். கால்பந்து மைதானத்தில் பக்கத்துக்கு 11 பேர். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஆடியது அந்த வடிவம்தான். பனிக்காலம் நீண்ட வடநாடுகள் அதைக் கூரைக்கடியில் கொண்டுபோய், 40க்கு 20 மீட்டர் களத்தில் ஏழு பேர் ஆட்டமாக்கின. இரண்டு கோல்கம்பத்திலிருந்தும் ஆறு மீட்டர் கயிறு பிடித்துக் கால்வட்டம் போட்டு, நடுவே மூன்று மீட்டர் நேர்கோடு இழுத்தால் கோல் எல்லை தயார். சுண்ணாம்புத்தூளால் அந்தக் கோட்டைப் போட்டுவிட்டால், கபடியில் சங்கிலி பிடித்து நிற்பதுபோல அதன் விளிம்பில் ஆறு பேர் கைகோக்காமல் சுவராக நிற்பார்கள். அந்தச் சுவரை உடைப்பதே ஆட்டம்.

அதை உடைப்பதில் ஹான்சி ஷ்மிட்டுக்கு இணையாக அந்தக் காலத்தில் ஒருவரைச் சொல்வது கடினம். ருமேனியாவில் ஜெர்மன் மொழி பேசும் சிறுபான்மைக் குடும்பத்தில் 1942இல் பிறந்தவர். புக்கரெஸ்டின் ஸ்டேவா அணிக்கு ஆடினார். 1963இல் மேற்கு ஜெர்மனிக்கு ஆட வந்த இடத்தில், திரும்பிப் போகாமல் தங்கிவிட்டார். கம்யூனிச அரசின் ராணுவ அணியை விட்டு ஓடுவது என்றால் ஊர், உறவு எல்லாவற்றையும் விட்டு ஓடுவது. அவரைச் சேர்த்துக்கொண்டது கும்மர்ஸ்பாக். எகிறி, எதிராளி கீழே இறங்கத் தொடங்கும்வரை காற்றிலேயே பந்தைப் பிடித்திருந்து, பிறகு எறிவார். எகிறும்போதே எறிந்துவிடுவதுதான் எல்லாப் பையன்களுக்கும் வழக்கம். அந்த அரை நொடி பொறுமையைப் பழக்குவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும்.

1967இல் டோர்ட்முண்ட் நகரின் பெரிய மண்டபத்தில் செக்கோஸ்லோவாக்கியாவின் டுக்லா பிராக் அணியை 17-13 என வென்று முதல் கோப்பை. நான்கு ஆண்டு கழித்து அதே மண்டபத்தில் இறுதி ஆட்டம். எதிரே நின்றது ஸ்டேவா, ஷ்மிட் விட்டுவந்த அதே அணி. 17-16 என்று கும்மர்ஸ்பாக் வென்றது. ஒரு கோல் வித்தியாசம். அந்த அறுபது நிமிடம் அவர் நெஞ்சு எப்படி அடித்திருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

ஊர்க்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. ஹைனர் பிராண்ட் அங்கேயே பிறந்து, வேறு கிளப்புக்குப் போகாமல் ஆடியவர். அவருடைய சகோதரர்கள் இருவரும் அதே அணியில் ஆடினார்கள். 1978இல் ஆட்டக்காரராக உலகக்கோப்பை வென்ற ஹைனர், 2007இல் பயிற்சியாளராகவும் வென்றார்.

1978 அணியில் இன்னொருவர் யோஆகிம் டெக்கார்ம். 1979 மார்ச் 30, ஹங்கேரியின் டாடாபான்யா. ஐரோப்பியப் போட்டி ஒன்றின் அரையிறுதியில் எதிரணி வீரர் தலையோடு தலை மோதி விழுந்தார். மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பு. அதற்குக் கீழே வெறும் கான்கிரீட். வயது 25தான். 131 நாள் நினைவின்றிக் கிடந்தார். பிறகு அவருடைய பழைய பயிற்சியாளர் வெர்னர் ஹ்யூர்ட்டர் கூடவே இருந்து நடையும் பேச்சும் மறுபடி பழக்கினார். நம் பள்ளிகளில் சிமெண்ட் தளம் போட்டுவிட்டு அதை மைதான வசதி என்று பெருமைப்படும்போதெல்லாம் எனக்கு டாடாபான்யா ஞாபகம் வரும். களிமண் தரை போதும். ஏரி வற்றிய காலத்தில் அதன் தரையே போதும். சிமெண்ட்டில் பையன்களை எகிறவிட நான் சம்மதித்ததே இல்லை.

ஒரு சிற்றூருக்கு இது எப்படி முடிந்தது? என் பதில், அந்தக் கிளப் ஊருக்குச் சொந்தமாக இருந்தது. 1861இல் உடற்பயிற்சிச் சங்கமாகத் தொடங்கியது. உறுப்பினர் சந்தா கட்டுவார், பொதுக்குழு கூடி நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும். தொழில்முறை அணியைத் தனி நிறுவனமாக்கியது பின்னால் வந்த ஏற்பாடு. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும், கல்லில் வெட்டிய உத்திரமேரூர்ப் பக்கத்து மக்களுக்கு இது அந்நியமான ஏற்பாடு அல்ல. ஏரிக்கு வாரியம் வைத்தவர்கள் நாம், விளையாட்டுக்கு வைக்கவில்லை. நம்மூரில் ஒரு பையன் நன்றாக ஆடினால் குறுவட்டம், மாவட்டம் என்று போய், அதிர்ஷ்டம் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ காவல்துறையிலோ வேலை கிடைக்கும். அது அவன் குடும்பத்துக்கு விளக்கேற்றும். அதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அதன்பின் அவன் ஆடுவது அலுவலகத்துக்காக, ஊருக்காக அல்ல. 2023இல் ஜெய்ப்பூரில் ஆறு அணிகளோடு நடந்த பிரீமியர் ஹேண்ட்பால் லீகில் மகாராஷ்டிர அணி கோப்பை வென்றது. அதில் தமிழ்நாட்டுக்கு அணியே இல்லை.

கும்மர்ஸ்பாக்கும் சரிந்தது. ஊருக்குச் சோறு போட்ட ஸ்டைன்முல்லர் கொதிகலன் ஆலை மூடப்பட்டது. அந்த ஆலை இருந்த நிலத்தில் 2013இல் 4,000 பேருக்குச் சற்று அதிகமாகக் கொள்ளும் ஹேண்ட்பால் அரங்கம் எழுந்தது. 1966இல் ஜெர்மன் லீகான பூண்டஸ்லிகா தொடங்கிய நாள்முதல் முதல் பிரிவிலேயே இருந்த கிளப், 2019இல் முதல்முறையாக இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. ஐஸ்லாந்துக்காரர் குட்யோன் வாலுர் சிகுர்ட்சன் பயிற்சியாளராக வந்து, 2022இல் திரும்பவும் மேலே கொண்டுவந்தார். 2024இல் ஐரோப்பியப் போட்டிக்கும் தகுதி பெற்றார்கள். இரண்டாம் பிரிவில் கிடந்த மூன்று பருவங்களிலும் ஊர் அந்தக் கிளப்பைக் கைவிடவில்லை.