டிவிஎஸ் ஃபிப்டியும் பதினாறு வயசும்

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு சாத்தூர்ல இருந்து ராத்திரி பூரா ஜனம் நடந்து வரும். எனக்கு அப்போ பதினாலு வயசு. கோயில் பக்கத்துல சித்தப்பா போட்ட கடைக்கு ஐஸ் கட்டி கொண்டு போறேன்னு அப்பாவோட எக்ஸெல் சூப்பரை எடுத்துட்டேன். எதிர்ல வந்த வேன் லைட்டு கண்ணுல அடிக்க, ஓரமா ஒதுங்கினேன். ஓரத்துல நடந்து வந்த ஒரு பாட்டிக்கு கணுக்கால் உடஞ்சுபோச்சு.

அப்பாதான் ஓட்டினதா பேசி முடிச்சாங்க. வைத்தியச் செலவும் அவரே குடுத்தாரு. எனக்கு ஒரு அடி கூட விழல. அதுதான் இன்னும் உறுத்துது.

அப்புறம் வேலைக்கு வந்தப்புறம்தான் சட்டத்தை எடுத்துப் படிச்சேன். வண்டி ஓட்ட பதினெட்டு வயசு ஆகணும்ங்கறது 1939 மோட்டார் வாகனச் சட்டத்துலயே இருக்கு. 1988 சட்டம் கியர் இல்லாத பைக்குக்கு மட்டும் பதினாறு போதும்னுச்சு. 1994ல அதையும் திருத்தி, 50 சிசிக்கு மேல போகக்கூடாதுன்னு மாத்திட்டாங்க. கியர் இருக்கா இல்லையாங்கறது பேச்சே இல்ல, இஞ்சின்தான் கணக்கு.

இங்கதான் தமாஷ். 1980ல ஓசூர்ல இருந்து வந்த டிவிஎஸ் 50க்கு பேர்லயே 50 சிசி. எங்க ஊர்ல இன்னைக்கும் எந்த மொபெட்டைப் பாத்தாலும் 'டிவிஎஸ் ஃபிப்டி'தான். ஆனா எக்ஸெல் சூப்பர் 69.9 சிசி, எக்ஸெல் 100ன்னா 99.7. ஆக, பதினாறு ஆகியிருந்தாலும் நான் ஓட்டினது தப்புதான் :-) சலுகை புத்தகத்துல அப்படியே இருக்கு, அதுக்கேத்த பெட்ரோல் வண்டியைத்தான் கடையில தேடணும்.

லைசென்ஸ் இல்லாதவனுக்கு வண்டி குடுத்த ஓனருக்கு 1988 சட்டத்துல மூணு மாசம் வரை ஜெயில், இல்லாட்டி ஆயிரம் ரூபா வரை அபராதம், இல்ல ரெண்டும். 2019 செப்டம்பர் 1ல இருந்து 199ஏ பிரிவு வந்துச்சு. சின்னப் பையன் ஓட்டி குத்தம் நடந்தா பெத்தவங்களோ ஓனரோதான் குத்தவாளி: மூணு வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபா அபராதம், வண்டிப் பதிவு பன்னெண்டு மாசம் ரத்து. பையனுக்கு 25 வயசு வரை எல்.எல்.ஆர் கூட கிடையாது. 'எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டான்'னு தப்பிக்கணும்னா அதை அவங்கதான் நிரூபிக்கணும். எங்கப்பாவால முடிஞ்சிருக்காது. சாவியை என் கையில குடுத்ததே அவருதானே.

போன ஆடிக்கு ஊருக்குப் போயிருந்தேன். அக்கா பையனுக்கு பதினஞ்சு வயசு, தாத்தாகிட்ட சாவி கேட்டான். அப்பா ஒண்ணும் சொல்லல. சாவியை வேட்டி மடிப்புல சொருகிக்கிட்டு, "வாடா, நடந்தே போவோம்"னு கெளம்பிட்டாரு.