சந்திரனுக்குத் தோணி

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு எழுதியபோது விடுதி நாட்களைப் பற்றி எழுதலாமே என்றுதான் குறிப்பிட்டிருந்தார்கள். விடுதிச் சாம்பாரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதி படைத்தவர்கள் நம் 1967-70 செட்டிலேயே நிறையப் பேர் உண்டு. நான் இங்கே வரலாறு படித்தவன், பிறகு முப்பது வருஷம் பள்ளியில் வரலாறு நடத்தியவன். ஆகையால் வரலாற்றிலிருந்தே ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். பௌதிகப் பிரிவு நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

1969 ஜூலை 21, திங்கட்கிழமை. நம் நேரப்படி காலை எட்டரை மணி வாக்கில் நீல் ஆம்ஸ்ட்ராங் சந்திரனில் கால் வைத்தார். நம் பக்கம் அப்போது டி.வி. ஏது? ரேடியோவும் மறுநாள் பேப்பரும்தான். இந்தப் பாடம் நடத்தும் போதெல்லாம் வருஷம் தவறாமல் ஏதாவது ஒரு பையன் எழுந்து கேட்பான்: "மூணு பேர் போனாங்களே சார், ஒருத்தர் மட்டும் ஏன் இறங்கல?"

நல்ல கேள்வி. மைக்கேல் காலின்ஸ் என்ற அந்த மூன்றாவது மனிதர் ஏன் மேலேயே சுற்றிக்கொண்டிருந்தார் என்பதில்தான் சந்திரப் பயணத்தின் சூட்சுமமே அடங்கியிருக்கிறது.

சந்திரனுக்குப் போக வேண்டும் என்ற ஆசை பழையது. கெப்ளர் எழுதிய கனவுக் கதை அவர் காலமான பின் 1634ல் அச்சேறியது. 1865ல் ஜூல் வெர்ன் பீரங்கிக் குண்டுக்குள் ஆளை வைத்துச் சுட்டுப் பார்த்தார். கதையில் போவது சுலபம். திரும்பி வருவதுதான் கஷ்டம். திரும்பும் எரிபொருளையும் இங்கிருந்தே சுமக்க வேண்டும். அதைச் சந்திரனில் மெல்ல இறக்க ஒரு எரிபொருள், மறுபடி கிளப்ப ஒரு எரிபொருள், அந்த எரிபொருளைச் சுமக்க இன்னொரு எரிபொருள் என்று வட்டிக்கு வட்டி போல ஏறிக்கொண்டே போகும்.

இதற்கு வழி சொன்னவர் உக்ரேனில் பொல்டாவா நகரத்தில் 1897ல் பிறந்த அலெக்சாண்டர் ஷார்கே. கெல்லர்மன் எழுதிய 'சுரங்கம்' என்ற ஜெர்மன் நாவலைப் படித்துவிட்டு, பெரிதாக எதையாவது செய்ய வேண்டும் என்று விண்வெளிக் கணக்குப் போட ஆரம்பித்த வாலிபர். சியல்கோவ்ஸ்கி இதே துறையில் எழுதியிருந்தது கூட அவருக்கு அப்போது தெரியாது. ரஷ்ய உள்நாட்டுப் போரில் வெள்ளைப் படையினர் அவரைப் பிடித்துச் சேர்த்துக்கொண்டார்கள், அவர் ஓடி வந்துவிட்டார். செஞ்சேனை ஜெயித்த பிறகு இது உயிருக்கே ஆபத்தான சங்கதி. 1921ல் அவருடைய சிற்றன்னை, இறந்துபோன ஒரு மாணவனின் அடையாளச் சீட்டை வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து ஷார்கே என்பவர் இல்லை. யூரி கொண்ட்ராட்யுக் என்பவர்தான் இருந்தார். வயதிலும் மூன்று குறைந்துபோயிற்று.

அவர் சொன்ன வழி இதுதான். முழு விண்கலத்தையும் சந்திரனில் இறக்காதே. அது சந்திரனைச் சுற்றிக்கொண்டிருக்கட்டும், ஒரு சிறிய கலத்தில் இறங்கி, காரியம் முடிந்ததும் ஏறி வந்து தாய்க்கலத்தோடு சேர்ந்துகொள். துறைமுகம் கட்டுவதற்கு முந்தைய சென்னைப் பட்டினத்தை நினைத்துப் பாருங்கள். கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், மசூலாப் படகில்தான் ஆட்கள் கரைக்கு வருவார்கள். அந்தக் கதைதான் இது. கப்பலையே கரைக்கு இழுப்பானேன்?

1929ல் இந்தக் கருத்தெல்லாம் புத்தகமாயிற்று. மாஸ்கோவில் அச்சிட ஆள் கிடைக்காமல், சைபீரியாவிலுள்ள நோவோசிபிர்ஸ்க் நகரத்தில் கைக்காசு போட்டு 2,000 பிரதிகள் அடித்தார். வயிற்றுப்பாட்டுக்கு அவர் பார்த்தது தானியக் கிடங்கு கட்டும் வேலை. ஆற்றோரமாகக் காமென் என்ற ஊரில் 13,000 டன் கொள்ளும் மரக் கிடங்கு ஒன்றை ஆணியே அடிக்காமல் கட்டினார். இரும்புக்குத் தட்டுப்பாடு, அதனால் மரத்தை மரத்தோடு கோத்தே எழுப்பினார். 1930ல் அவரைக் கைது செய்தார்கள். இடிந்து விழட்டும் என்றுதான் ஆணியில்லாமல் கட்டினார், நாசவேலைக்காரர் என்று குற்றச்சாட்டு! மூன்று வருஷத் தண்டனை. கிடங்கு என்னவோ பல பத்தாண்டுகள் அசையாமல் நின்றது.

பிற்காலத்தில் ஸ்புட்னிக்கை அனுப்பிய கொரோலெவ், 1933ல் தம் ராக்கெட் குழுவுக்கு வந்துவிடும்படி இவரைக் கூப்பிட்டார். இவர் போகவில்லை. ராக்கெட் வேலை ராணுவ ரகசியம், பூர்வீகத்தைத் துருவுவார்கள், பெயர் வெளிப்பட்டுவிடும் என்ற பயம்தான் காரணம் என்பார்கள். காற்றாலை வடிவமைக்கப் போய்விட்டார். 1941ல் ஹிட்லரின் படை வந்தபோது தாமாகவே தொண்டர் படையில் சேர்ந்தார். 1942 தொடக்கத்தில் போர்முனையில் மறைந்தார். என்னைக் கேட்டால், சந்திர வரலாற்றில் நான் படித்த வாழ்க்கைகளிலேயே மனசை மிகவும் உறுத்துவது இதுதான்.

இனி அமெரிக்கா. 1961 மே 25 அன்று கென்னடி, இந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சந்திரனில் மனிதன் என்று அறிவித்தபோது, அமெரிக்கர் ஒருவர் விண்வெளிக்குப் போய்வந்த மொத்த அனுபவமே கால் மணி நேரம்தான். எப்படிப் போவது? நோவா என்ற பிரம்மாண்ட ராக்கெட்டைக் கட்டி நேரே போய் இறங்கலாம் என்றது ஒரு கட்சி. பூமியைச் சுற்றும்போதே பாகங்களை இணைத்துக்கொண்டு போகலாம் என்றது இன்னொரு கட்சி. தோணி யோசனையைப் பிடித்துக்கொண்டவர் வர்ஜீனியாவில் நாசாவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் இருந்த ஜான் ஹுபோல்ட். அங்கே வேறு சிலரும் இதை யோசித்திருந்தார்கள். ஆனால் அலைந்து திரிந்து வாதாடியவர் இவர்தான்.

1960 டிசம்பரில் பெரிய அதிகாரிகள் கூட்டத்தில் இதை விளக்கியபோது, இவருடைய கணக்கு பொய் என்று மூத்த பொறியாளர் ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். அவர்கள் பயத்திலும் நியாயம் இருந்தது. பூமிக்குப் பக்கத்திலேயே அன்றுவரை இரண்டு கலங்கள் இணைந்தது கிடையாது. சுமார் மூன்று லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இணைப்பு தவறினால், இறங்கிய இரண்டு பேரும் பிழைக்க வழியே கிடையாது. மூன்றாவது ஆள் தனியாகத் திரும்ப வேண்டியதுதான்.

ஹுபோல்ட் விடவில்லை. 1961 நவம்பரில் தம் மேலதிகாரிகளையெல்லாம் தாண்டி, நாசாவின் உயர் நிர்வாகியான ராபர்ட் சீமன்ஸுக்கு நேரடியாக ஒன்பது பக்கக் கடிதம் எழுதினார். நமக்குச் சந்திரனுக்குப் போக வேண்டுமா வேண்டாமா, ஏன் நோவாவைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்கிற தொனியில். அரசாங்க உத்தியோகம் பார்த்த நம் சங்கத்து நண்பர்களுக்கு இதில் எவ்வளவு ஆபத்து என்று நான் சொல்லத் தேவையில்லை. சீமன்ஸ் கடிதத்தைக் குப்பையில் போடவில்லை, விசாரிக்கச் சொன்னார். 1962 ஜூன் 7ல் வான் பிரவுன், தம்முடைய ஆட்களே திகைக்கும்படி, ஹுபோல்ட் பக்கம் சாய்ந்தார். ஜூலையில் நாசா அதையே முடிவாக அறிவித்தது.

அதனால் என்ன ஆயிற்று என்றால், நோவா தேவைப்படவில்லை. சாட்டர்ன்-5 போதும் என்றாயிற்று. சந்திரனில் மட்டுமே பறக்கப்போகும் தோணிக்கு, பூமியின் காற்றைக் கிழிக்கும் கூர்மை வேண்டாம், கனத்த வெப்பக் கவசம் வேண்டாம், உட்கார நாற்காலிகூட வேண்டாம். நின்றுகொண்டே ஓட்டினார்கள். சில இடங்களில் அதன் சுவர் அரை மில்லிமீட்டர் கூட இல்லை. சுமார் 2,900 டன் எடையோடு கிளம்பியதில், கடலில் வந்து விழுந்தது ஐந்து டன் அளவிலான ஒரு கூம்பு மட்டும்தான். மீதியெல்லாம் வழியில் கழற்றிப் போட்டது.

அந்தப் பயந்த இணைப்பை 1966 மார்ச்சில் பூமிக்கு மேலே முதன்முதலில் செய்து காட்டியவர் யார் தெரியுமா? ஜெமினி-8ல் போன இதே ஆம்ஸ்ட்ராங்தான். ஹுபோல்ட் அதற்குள் நாசாவை விட்டே விலகியிருந்தார். 1969ல் விருந்தாளியாக ஹூஸ்டனில் உட்கார்ந்து பார்த்தார். 2014ல், 95வது வயதில் காலமானார்.

சோவியத் நாடும் இதே தோணி முறையைத்தான் தேர்ந்தெடுத்தது. ஆனால் கொரோலெவ் 1966 ஜனவரியில் இறந்துபோக, அவர்களுடைய என்-1 ராக்கெட் 1969க்கும் 1972க்கும் நடுவில் கிளம்பிய நான்கு முறையும் தோற்றது. கொண்ட்ராட்யுக் மீதிருந்த பழி 1970ல் நீக்கப்பட்டது. சந்திரனில் ஒரு பள்ளத்துக்கும் அவர் பெயர் உண்டு, அந்த இரவல் பெயர்தான். நமக்குத் தெரியாத பின்பக்கத்தில் இருக்கிறது.

தற்போது படிக்கும் மாணவத் தம்பி தங்கைகளுக்காக இன்னும் கொஞ்சம். 2023 ஆகஸ்ட் 23ல் தென்துருவப் பகுதி அருகே இறங்கிய சந்திரயான்-3ஐ வழிநடத்தியவர் விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல். அது போய்த் தங்கிவிட்ட பயணம். மண் எடுத்துத் திரும்ப வேண்டுமானால் ஹுபோல்ட் கடிதம் கைகொடுக்கும். சீனர்கள் 2020ல் ஆளில்லாமலே சந்திரனுக்கு மேலே கலங்களை இணைத்து மண்ணைக் கொண்டு வந்தார்கள். நம் இஸ்ரோ 2025 ஜனவரி 16ல் ஸ்பேடெக்ஸ் கலங்கள் இரண்டைப் பூமியின் சுற்றுப்பாதையில் இணைத்துப் பார்த்தது. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த சந்திரயான்-4 திட்டத்தில் பூமியைச் சுற்றும்போது ஒரு இணைப்பு, மண்ணோடு மேலே வந்த பிறகு சந்திரனைச் சுற்றும்போது இன்னொரு இணைப்பு.