சீமோனும் கேபாவும்

கலிலேயாக் கடலில் வலை வீசிய சீமோனுக்கு இயேசு வைத்த பெயர் கேபா. அரமேய மொழியில் பாறை. நற்செய்தி நூல்கள் கிரேக்கத்தில் எழுதப்பட்டபோது அது பெட்ரோஸ் ஆயிற்று; தமிழில் பேதுரு. பாறையைக் குறிக்கும் ‘பெட்ரா’ என்ற கிரேக்கச் சொல் வெகுதூரம் போயிருக்கிறது. பாறையில் ஊறும் எண்ணெய் பெட்ரோலியம். பருத்தித்துறையை ஆங்கிலத்தில் பாயின்ட் பெட்ரோ என்கிறார்களே, அங்கே பெட்ரோ என்று ஓர் ஆள் இல்லை. போர்ச்சுகீசியர் ‘கற்களின் முனை’ என்று அழைத்ததன் மரூஉ அது. தமிழ்க் கத்தோலிக்கர் நெடுங்காலம் பேதுருவை இராயப்பர் என்றார்கள். தெலுங்கில் ‘ராயி’ என்றால் கல் என்பதை எண்ணும்போது அந்தப் பெயர் இன்னும் பிடித்துப்போகிறது.

இவ்வளவு புகழில் அவருடைய பிறவிப் பெயர் மங்கிவிட்டது. சீமோன், எபிரேயத்தில் ஷிமியோன். ‘ஷாமா’, அதாவது கேட்டல், அதன் வேர். கணவனின் அன்பு கிட்டாத லேயாள், தன் குறையைக் கடவுள் கேட்டார் என்று சொல்லி இரண்டாம் மகனுக்கு இட்ட பெயர் இது. ஆக, சீமோன் பேதுரு என்று சேர்த்துச் சொல்லும்போது கேள்வியும் பாறையும் ஒரே ஆளில் நிற்கின்றன. கேட்கிற பாறையைத்தான் விசுவாசத்தில் உறுதி என்கிறோம். கேளாத பாறைக்குப் பெயர் பிடிவாதம். நுகத்துக்குக் குனியாத மாட்டைப் போன்றவர்களைப் பழைய தமிழ் வேதாகமம் ‘வணங்காக் கழுத்துள்ளவர்கள்’ என்கிறது.

அந்தக் கழுத்து பேதுருவுக்கும் இருந்தது. மத்தேயு 16-ஆம் அதிகாரத்தில் பாறை என்று பெயர் பெற்றவர், சில வசனங்கள் தள்ளி, பாடுபடப் போகும் இயேசுவைத் தனியே அழைத்துக் கடிந்துகொள்கிறார். உடனே அவருக்குக் கிடைக்கும் பெயர் ‘ஸ்கண்டலோன்’, இடறல். கடைசி இராப்போசனத்தில் கால் கழுவ வந்தவரைத் தடுக்கிறார். எல்லோரும் ஓடினாலும் தான் ஓடமாட்டேன் என்று அடித்துச் சொல்கிறார். எல்லாமே அன்பினால்தான். ஆனால் ஒன்றில்கூட எதிரே இருப்பவர் சொல்வதை அவர் கேட்கவில்லை. பக்திக்குள் ஒளிந்திருக்கும் பிடிவாதத்தைக் கண்டுபிடிப்பது கடினம். அது எப்போதும் ஆண்டவருக்காகவே பேசுகிறது.

இயேசு அவரை எப்படி விளிக்கிறார் என்று பாருங்கள். லூக்கா 22-இல் எச்சரிக்கும்போது இரண்டு முறை ‘சீமோனே’. கெத்செமனேயில் தூங்கிவிட்டவரை எழுப்பும்போது சீமோன். உயிர்த்தபின் திபேரியாக் கடற்கரையில் மூன்று முறை கேள்வி கேட்கும்போதும் சீமோன்தான். கேள் என்ற பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிக் கூப்பிடுகிறார். ‘பேதுருவே’ என்று விளிப்பது சேவல் கூவுமுன் மறுதலிப்பாய் என்று சொல்லும் இடத்தில்.

பிறகு யோப்பா பட்டணத்து மாடி. தீட்டானதைப் புசியேன் என்று தரிசனத்திலும் மறுத்தவர், இறங்கிவந்து செசரியாவில் கொர்நேலியு என்ற புறஜாதி ரோமப் படைத்தலைவனின் வீட்டு வாசலை மிதித்தார். பிறந்தது முதல் காத்த ஆசாரத்தை, கடவுளின் குரலைக் கேட்டதனால் விட்டார். இதை நெகிழ்ந்துபோனதாக யாரும் எண்ண வேண்டாம். நெகிழ்ந்தது அந்தியோகியாவில்: எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும், புறஜாதியாரோடு உண்டுகொண்டிருந்தவர் பயந்து பந்தியைவிட்டு விலகினார். பவுல் முகத்துக்கு நேரே எதிர்த்தார். கடவுளின் குரலுக்கு அசைவதும் மனிதரின் முகத்துக்கு அசைவதும் ஒன்றல்ல.

பேதுருவின் பெயரால் வழங்கும் முதல் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், பெட்ராவும் ஸ்கண்டலோனும் அடுத்தடுத்து வருகின்றன. அங்கே பாறை கிறிஸ்து; விசுவாசிகள் எல்லோரும் உயிருள்ள கற்கள். அதன் முதல் அதிகாரத்தில் மட்டும் மூன்று முறை வரும் சொல் ‘ஹுபகோயே’. கீழ்ப்படிதல் என்று மொழிபெயர்க்கிறோம். கேட்டல் என்ற வினையிலிருந்து பிறந்தது.