ஐஜெம் போட்டியும் மாணவர் அணியின் உருவாக்கமும்

செயற்கை உயிரியலுக்கான பன்னாட்டு மாணவர் போட்டியான ஐஜெம், போட்டியாகத் தொடங்கவில்லை. 2003 ஜனவரியில், இரு பருவங்களுக்கு இடைப்பட்ட மாதத்தில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. நடத்திய குறும்பாடம் அது. டாம் நைட், டிரூ எண்டி, ராண்டி ரெட்பெர்க், ஜெரால்டு சஸ்மன் ஆகியோர் அதை வழிநடத்தினர். ஒளிவிட்டு அணையும் செல்லை வடிவமைப்பதே மாணவர்களுக்குத் தரப்பட்ட பணி. 2000-இல் எலோவிட்ஸ், லைப்லர் என்ற ஆய்வாளர்கள் மூன்று மரபணுக்கள் ஒன்றையொன்று அடக்கும் அலைவுச் சுற்றை ஈ. கோலை பாக்டீரியாவில் இயக்கிக் காட்டியிருந்ததால், அந்தப் பணி வெறும் கனவாக இருக்கவில்லை. 2004 கோடையில் ஐந்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பங்கேற்றபோது பாடம் போட்டியாயிற்று. 2005-இல் 13 அணிகள், 2009-இல் 112.

இந்த வளர்ச்சிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் நைட் 2003-இல் முன்வைத்த 'பயோபிரிக்' தரம். கணினிப் பொறியியலிலிருந்து வந்தவர் அவர். ஒவ்வொரு டி.என்.ஏ. துண்டின் இரு முனைகளிலும் குறித்த வெட்டிடங்கள் இருக்க வேண்டும் என்பது விதி. எக்ஸ்பிஏ-1, எஸ்பிஇ-1 என்ற இரு நொதிகள் வெட்டும் முனைகள் தமக்குள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தை அவற்றில் எதனாலும் மறுபடி வெட்ட முடியாது. ஆகவே, இரண்டு துண்டுகள் சேர்ந்து உருவாகும் புதுத் துண்டும் அதே முனைகளோடு அடுத்த இணைப்புக்குத் தயாராக நிற்கும். ஓர் ஆண்டின் அணி செய்ததை மறு ஆண்டின் அணி எடுத்தாளலாம்.

ஆனால் இந்தக் காரணம் பாதிதான். அணிகளின் துண்டுகளைச் சேர்த்து வைக்கும் பொதுப் பதிவகத்தில் இருந்தவற்றின் தரம் ஒரே சீராக இருக்கவில்லை. பின்னாளில் வேறு இணைப்பு முறைகளையும் போட்டி ஏற்றுக்கொண்டது. துண்டுகளைவிட, அணிக்குள் யார் யார் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மாறியதே வரலாற்றில் கனமானது என்பது இக்கட்டுரையின் கருத்து.

அந்த மாற்றம் திட்டங்களில் தெரிகிறது. டெக்சாஸ் மாணவர்கள் பங்களித்த, ஒளிபட்டால் படம் பதிக்கும் பாக்டீரியாப் படலம் 2005-இல் நேச்சர் இதழில் வெளியானது. அது இன்னமும் சுற்றின் அழகைக் காட்டும் வேலைதான். மறு ஆண்டு எடின்பரோ அணி, குடிநீரில் ஆர்சனிக் இருப்பதை அமிலத்தன்மை மாற்றத்தால் காட்டும் உயிருணரியை வடிவமைத்தது. அதே ஆண்டில் முதற்பரிசு பெற்ற ஸ்லோவேனிய அணி பாக்டீரியாவை விட்டு மனிதச் செல்களுக்குப் போய், நோயெதிர்ப்பின் மிகையைத் தணிக்க முயன்றது. கேள்வி ஊருக்குள் வந்ததும் ஆய்வக மேசை மட்டும் போதாமல் போயிற்று. நீரைக் குடிப்பவர், மருத்துவர், சட்டம் தெரிந்தவர் என்று பலரை அணி தேடிச் செல்ல வேண்டியதாயிற்று. 'மனித நடைமுறைகள்' என்ற மதிப்பீட்டுப் பகுதி வேரூன்றியது இந்தச் சூழலில். 2009-இல் முதற்பரிசு பெற்ற கேம்பிரிட்ஜின் ஈ. குரோமி, நிறமிகளை உருவாக்கும் பாக்டீரியாத் திட்டம். அதில் டெய்சி கின்ஸ்பெர்க், ஜேம்ஸ் கிங் என்ற இரு வடிவமைப்பாளர்கள் இளநிலை மாணவர்களோடு இணைந்து பணியாற்றினர்.

இதோடு கணக்கு மாதிரி அமைப்போர், இணையப் பக்கம் எழுதுவோர், நிதி திரட்டுவோர் என்று தனிப் பொறுப்புகள் வளர்ந்தன. எந்த வேலையை யார் செய்தார், வழிகாட்டியின் உதவி எதுவரை என்று பகிரங்கமாகப் பதியவேண்டும் என்ற விதி இவற்றினும் முக்கியமானது. பேராசிரியரின் திட்டத்தை மாணவர் பெயரில் அனுப்பும் வாய்ப்புக்கு அது ஓரளவு கடிவாளம் போட்டது. பதக்கங்களும் அணிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தரப்படுவதில்லை. வகுத்த தகுதிகளை நிறைவு செய்த எந்த அணியும் தங்கம் பெறலாம்.

தமிழகத்திலிருந்து சென்னை ஐஐடி 2008-இலேயே பங்கேற்றது. நுழைவுக் கட்டணமும் பயணமும் பல ஆயிரம் டாலர் என்பதால் சிறு கல்லூரிகளுக்கு வாசல் இன்னும் குறுகலே. 2012-இல் ஐஜெம் எம்.ஐ.டி.யிலிருந்து பிரிந்து தனி அறக்கட்டளையானது. 2022 முதல் இறுதிக் கூடல் பாரிஸில் நடக்கிறது. புதிதாக அணி அமைக்கும் கல்லூரி தலைப்பையும் கருவிகளையும் தேடுமுன், மூன்று நான்கு துறைகளின் மாணவர்களைச் சேர்த்து, யார் எதற்குப் பொறுப்பு என்று முதல் மாதத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.