காப்பிக் கடையும் கேலிச் சித்திரமும்



புதுக்கோட்டை ராஜ வீதிகளுள் ஒன்றில் என் பாட்டனார் நாள்தோறும் சென்ற காப்பி ஹோட்டல் ஒன்று இருந்தது. 1930களில் அங்கே காலையில் ஒருவர் செய்தித்தாளை உரக்க வாசிப்பாராம். ஏனையோர் ஆறிய காப்பியையும் மறந்து கேட்பார்களாம். வாசலுக்கு வெளியே நின்று கேட்டவர்களும் உண்டு. அவர்கள் உள்ளே வராததற்குக் காசின்மை மட்டும் காரணமன்று. யார் எங்கே உட்காரலாம் என்பதைச் சாதி தீர்மானித்த காலம் அது. அந்தக் கடையின் சுவரில் ஆனந்த விகடனிலிருந்து வெட்டிய கேலிச் சித்திரம் ஒன்று ஒட்டப்பட்டிருந்ததாம். தெருவில் நின்றவர்க்கும் அது தெரியும். இந்தச் சிறு செய்திதான் என்னைச் சரித்திரத்தில் வெகு தூரம் இழுத்துச் சென்றது.

முதலில் லண்டனுக்குப் போவோம். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்நகரில் காப்பிக் கடைகள் பெருகின. ஒரு பென்னி கொடுத்தால் உள்ளே அமரலாம், பத்திரிகை படிக்கலாம், மந்திரிகளை மனம்போல விமரிசிக்கலாம். பேச்சு மிஞ்சிப் போகிறது என்று அஞ்சிய இரண்டாம் சார்லஸ் மன்னர், 1675 டிசம்பர் 29இல் காப்பிக் கடைகளையே மூடச் சொல்லிப் பிரகடனம் செய்தார். எழுந்த எதிர்ப்பைக் கண்டு, பத்தே நாளில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். காப்பிக்கு முன் மணிமுடி தணிந்தது விந்தையன்றோ!

அடுத்த நூற்றாண்டில் அந்தப் பேச்சு படமாயிற்று. செப்புத் தகட்டில் கீறி, அமிலத்தால் அரித்து, அச்செடுத்து, கையால் வண்ணம் தீட்டிய கேலிப் படங்கள் கடைகளில் தொங்கின. ரௌலண்ட்ஸன் 1809இல் வரைந்த ஒரு படத்தில், காப்பிக் கடைக்குள் வெறிநாய் புகுந்துவிட, அதுவரை உலகை ஆண்டுகொண்டிருந்த கனவான்கள் நிலைகுலைந்து உருளுகிறார்கள். கில்ரே 1805இல் வரைந்த படமோ இன்னும் கூர்மையானது. பிரிட்டிஷ் பிரதமர் பிட்டும் நெப்போலியனும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே அமர்ந்து, பூகோளத்தைப் பணியாரம் போல வெட்டிப் பங்கிடுகின்றனர். எத்தனை பக்கத் தலையங்கம் எழுதினாலும் அந்தக் கத்தியின் வேகம் வருமா?

இப்படங்கள் கூலிக்காரர் வாங்கக்கூடிய விலையில் இல்லை. ஆயினும் கில்ரேயின் படங்களை விற்ற ஹன்னா ஹம்ப்ரி அம்மையாரின் கடை ஜன்னலில் அவை மாட்டப்பட்டிருக்கும். வழிப்போக்கர் கூடி நின்று பார்ப்பார்கள். அந்தக் கூட்டத்தையே காட்டும் கில்ரேயின் படம் ஒன்று 1808இல் வந்தது. அதைக் காணும்போதெல்லாம் எனக்குப் புதுக்கோட்டைக் கடை வாசல்தான் நினைவுக்கு வருகிறது.

இங்கிலாந்தில் 1841இல் தோன்றிய 'பஞ்ச்' பத்திரிகையின் வழியில், லக்னோவில் 1877இல் 'அவத் பஞ்ச்' பிறந்தது. தமிழில் அரசியல் கருத்துப்படத்தை நிலைநாட்டிய பெருமை, சென்னையில் 1906இல் தொடங்கிய 'இந்தியா' வாரப் பத்திரிகைக்கு உரியது. பாரதியார் அதன் உயிராக விளங்கினார். முதற் பக்கத்தில் படம். உள்ளே அதற்கு விளக்கம். அந்நிய ஆட்சியை மட்டுமன்றி, அதனிடம் கைகட்டி நின்ற மிதவாதிகளையும் அப்படங்கள் எள்ளி நகையாடின. விளக்கம் ஏன் வேண்டியிருந்தது என்று நீங்கள் கேட்கலாம். படத்தை 'வாசிக்க' அன்றைய தமிழர் அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தனர் என்பது என் கருத்து.

அதற்குக் கொடுத்த விலை சிறிதன்று. 1908இல் அரசாங்கம் ராஜத்துரோக வழக்குத் தொடுத்தது. பத்திரிகைக்குத் தம் பெயரைக் கொடுத்திருந்த எம். சீனிவாசனுக்கு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். அவ்வாண்டு அக்டோபரில் பத்திரிகை அங்கிருந்து மீண்டும் வெளிவந்து, 1910 மார்ச்சில் நின்றது. பாரதியாரை நாம் அனைவரும் அறிவோம். சிறைக்குப் போன சீனிவாசனின் பெயரைப் பரீட்சைக்காகவேனும் யாராவது படித்ததுண்டா?

விகடனில் 1930களில் மாலி வரைந்தார். டி. ஆர். மகாலிங்கம் என்பது அவர் இயற்பெயர். அவர் கோடுகளில் கோபம் குறைவு, குறும்பு மிகுதி. அக்காலத்தில் புதுக்கோட்டைக் கடைகளில் பெரிதும் அலசப்பட்டவர் திருமயத்தில் 1887இல் பிறந்த சத்தியமூர்த்தி என்று பாட்டனார் சொல்வார். மத்திய சட்டசபையில் அவர் தொடுத்த கேள்விகளை உரக்க வாசித்து மகிழ்வார்களாம். ஆனால் புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்தது; அந்தச் சட்டசபைக்கு உறுப்பினர் அனுப்பும் உரிமை அதற்கு இல்லை. தம் மண்ணில் பிறந்தவர் பேசியதைக் கேட்டுக் கைதட்டலாம். அவருக்கு வாக்களிக்க இயலாது! 1948 மார்ச் 3ஆம் நாள் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்த பின்னரே அந்நிலை மாறியது.

விடுதலைக்குப் பிறகும் படம் வரைவது ஆபத்தற்ற தொழிலாகிவிடவில்லை. 1987இல் சட்டமன்ற உறுப்பினரையும் மந்திரியையும் திருடர்களோடு ஒப்பிட்ட நகைச்சுவைப் படம் ஒன்று விகடன் அட்டையில் வந்தது. அதற்காக ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. எழுந்த கண்டனத்தால் அவர் விரைவிலேயே விடுதலையானார். ஆயினும் அவர் வழக்காடினார். 1994இல் உயர் நீதிமன்றம் அவருக்கு 1,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது.

பாட்டனார் சென்ற கடை இப்போது இல்லை. சுவரில் இருந்த படம் எதைப் பற்றியது என்று ஒருமுறை கேட்டேன். அது அவருக்கு மறந்துவிட்டது. வெளியே நின்ற ஒருவர் அதைப் பார்த்து முதலில் சிரித்தார் என்பதும், அதன்பிறகே உள்ளே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள் என்பதும் மட்டும் நினைவில் இருந்தன.