வானூர்திகளில் மின்கலத் தீ

வானூர்திகளில் மின்கலத் தீ என்பது பயணிகள் கொண்டுவரும் கைப்பேசி, மடிக்கணினி, பவர் பேங்க் போன்றவற்றின் லித்தியம் அயனி மின்கலங்களில் பறப்பின்போது ஏற்படும் தீயைக் குறிக்கும். தமிழ்நாட்டுடன் தொடர்புடைய நிகழ்வு 2016-இல் சிங்கப்பூர்–சென்னை வானூர்தியில் நடந்தது.

பின்னணி

லித்தியம் அயனி மின்கலங்களை 1991-இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. உட்குறுக்குச்சுற்று, நசுங்கல், மிகை மின்னேற்றம் ஆகியவற்றால் ஒரு கலம் சூடேறினால், அவ்வெப்பம் அடுத்த கலத்துக்கும் பரவும். தீயணைப்பானின் ஹேலான் வாயு சுடரை அடக்கும்; சூட்டைத் தணிக்காது. எனவே அணைந்த மின்கலம் மீண்டும் பற்றலாம். முதலில் தீயணைப்பான், பின்னர் நீர் என்ற முறையை அமெரிக்க வானூர்தி ஒழுங்குமுறை அமைப்பு 2009-இல் பரிந்துரைத்தது. பனிக்கட்டி வெப்பத்தை உள்ளேயே தேக்கிவிடும் என்பதால் அது தவிர்க்கப்படுகிறது.

சென்னை வானூர்தி நிகழ்வு

சாம்சங் நோட் 7 கைப்பேசிகள் தீப்பிடித்ததால், அவற்றை வானூர்தியில் இயக்கவோ மின்னேற்றவோ கூடாது என இந்தியாவின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2016 செப்டம்பர் தொடக்கத்தில் அறிவித்திருந்தது. செப்டம்பர் 23 அன்று சென்னைக்கு வந்துகொண்டிருந்த இண்டிகோ வானூர்தியில், இருக்கைகளுக்கு மேலுள்ள பெட்டியிலிருந்து புகை வந்தது. பழைய வகையான நோட் 2 கைப்பேசியே அதற்குக் காரணம். பணியாளர்கள் அருகிலிருந்த பயணிகளை வேறு இருக்கைகளுக்கு மாற்றி, தீயணைப்பானைப் பயன்படுத்தினர். பின்னர் கைப்பேசியைக் கழிவறையில் நீர் நிரப்பிய கலனில் இட்டனர். வானூர்தி சென்னையில் பாதுகாப்பாகத் தரையிறங்கியது. இயக்குநரகம் சாம்சங் அதிகாரிகளை அழைத்து விசாரித்தது.

பிந்தைய நிகழ்வுகள்

2025 சனவரி 28 அன்று தென் கொரியாவின் கிம்கே நிலையத்தில், புறப்படக் காத்திருந்த ஏர் பூசான் வானூர்தியின் மேற்பெட்டியில் தீப்பற்றி, அதன் மேற்கூரை எரிந்தது. உள்ளிருந்த 176 பேரும் வெளியேறினர். பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் எனப் புலனாய்வாளர்கள் கருதினர். அதன்பின் மேற்பெட்டியில் பவர் பேங்க் வைப்பதை அந்நாடு தடைசெய்தது. அதே ஆண்டு அக்டோபர் 19 அன்று தில்லியிலிருந்து திமாப்பூர் புறப்படவிருந்த இண்டிகோ வானூர்தியிலும் ஒரு பயணியின் மின்னணுக் கருவி தீப்பற்றியது. பணியாளர்கள் உடனே அணைத்தனர்.

விதிகள்

பவர் பேங்க், உதிரி மின்கலங்கள் ஆகியவற்றைக் கைப்பையில் மட்டுமே கொண்டுசெல்லலாம். 100 வாட்-மணிக்கு மேல் 160 வரை நிறுவனத்தின் ஒப்புதல் தேவை. சரக்கறையில் பற்றும் தீயைப் பறப்பின்போது பணியாளர்களால் நேரில் அணுகி அணைக்க முடியாது என்பதே இதற்குக் காரணம். கல்லங்குறிச்சி உள்ளிட்ட அரியலூர் வட்டார ஊர்களிலிருந்து திருச்சி வழியாக வெளிநாடு செல்வோருக்கும் இவ்விதி பொருந்தும். சூடாகும் கருவியைப் பயணி தானே கையாளாமல், உடனே பணியாளரிடம் தெரிவிக்க வேண்டும்.